ஓய்வும் நமது கோரிக்கைதான்

(மலையகத் தோட்டங்களின் மாதர் தலைவிகளுக்கும் இளம் உறுப்பினர்களுக்குமாக அக்கரைப்பற்றில் நமது சங்கம் நடத்திய இரண்டு நாள் பயிற்சி முகாமில், அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

 

பசறை, லுணுகலைப் பக்கமிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் மலையிறங்கி, பிபிலை, அம்பாறை என்று பஸ்ஸில் குலுங்கி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். நேற்றிரவு ஒரு தங்கச்சி என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அப்படியே கூப்பிடுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு 'ஓய்வும் ஆரோக்கியமும்'. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு வருவார்கள். எட்டு மணித்தியாலம் தூங்குங்கள், மனதை அமைதியாக வைத்திருங்கள், காலையில் எழும்பி நடவுங்கள் என்பார்கள். நடக்கச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். நாள் முழுக்க மலையேறி இறங்குகிறவர்களுக்கு யார் நடைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது? உடம்புக்கு ஓய்வு தேவை என்பது உங்கள் நாரிக்கும் முழங்காலுக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

ஓய்வு என்ற சொல்லைச் சொன்னவுடனே தோட்டத்தில் இன்னொரு சொல் வந்து நிற்கும். சோம்பேறி. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அடுத்த லயத்துக்காரர்கூடக் கேட்பார், "என்ன, இன்றைக்கு வேலைக்கு இறங்கவில்லையா?" என்று. கேட்கிறவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின்படி, தகுந்த காரணம் இல்லாமல் வேலைக்கு வராமல் இருப்பதும் வேலையைவிட்டுப் போவதும் குற்றம். துரை வழக்குப் போடலாம், நீதவான் அபராதமும் சிறையும் விதிக்கலாம். ஒரு தொழிலாளி உடம்பு முடியாமல் படுத்தாரா, சும்மா படுத்தாரா என்று தீர்மானிக்கும் அதிகாரம் தோட்டத்தின் கையில் இருந்தது. அந்தத் தண்டனைகள் எடுபட 1920கள் வரை ஆகியது. சட்டம் போய்விட்டது, அது விட்டுச் சென்ற பயம் மட்டும் போகவில்லை. காய்ச்சலோடு மலைக்குப் போன பாட்டியின் கதையை வீட்டில் பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பெருமைக்குள்ளும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம். இங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் வரை தோணி இறக்காத வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. கடலில் மீன் இருக்கலாம், சந்தையில் விலையும் இருக்கலாம், ஆனாலும் தோணி கரையில் கிடக்கும். இது மார்க்கக் கடமையால் வந்தது, மறுக்கவில்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதன் இன்னொரு பக்கத்தை. ஒரு தோணி மட்டும் கரையில் நின்று மற்றத் தோணிகள் போனால், நின்றவருக்கு நட்டம். எல்லாத் தோணியும் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. யாரும் யாரையும் சோம்பேறி என்று சொல்வதுமில்லை. உங்கள் தோட்டத்திலும் இது இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு டிவிஷன் முழுக்க நிற்கும்போது யாராவது யாரையாவது ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்கிறார்களா? தீபாவளிக்கு வீட்டில் இருக்கிறவரைக் கங்காணி வந்து எழுப்புகிறாரா? எல்லாரும் சேர்ந்து நிற்கிற ஓய்வுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. தனியாக நிற்கிறவரிடம்தான் கேட்கிறார்கள்.

இங்கே இருக்கிற வயதான தாய்மாருக்கு ஞாபகம் இருக்கும், இந்த நாட்டில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. போயா நாள்தான் கிழமை விடுமுறை. பூரணை, அமாவாசை, இடையில் இரண்டு அட்டமி, போயாவுக்கு முந்திய நாள் அரை நாள். நிலவைப் பார்த்து லீவு. சில கிழமைக்கு ஏழு நாள், சில கிழமைக்கு எட்டு நாள். பாடசாலை, வங்கி, கந்தோர் எல்லாம் அப்படித்தான் ஓடின. வெளிநாட்டு வியாபாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பிறகு ஞாயிறு திரும்பி வந்தது. இந்தக் கதையை நான் சும்மா சொல்லவில்லை. ஓய்வு நாள் வானத்திலிருந்து விழுவதில்லை, மனிதர் கூடித் தீர்மானித்து வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சர்வதேச தொழில் தாபனம் 1958 இல் தோட்டத் தொழிலாளருக்காகவே ஒரு சமவாயம் செய்தது. 110 ஆம் இலக்கம். மற்றத் தொழில்களுக்குத் தனித்தனியாக உள்ள உரிமைகளை இதிலே தோட்டத்துக்கென்று ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கிழமை ஓய்வுக்கு அதில் ஒரு முழுப் பகுதியே உண்டு. ஏழு நாளைக்கு ஒரு தடவை, தொடர்ந்து 24 மணித்தியாலத்துக்குக் குறையாத ஓய்வு என்று அது சொல்கிறது. 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஞாயிறு காலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துவிட்டுப் பின்னேரம் இருப்பது அந்தக் கணக்கில் வராது. சம்பளத்துடன் வருடாந்த விடுமுறையும் மகப்பேற்றுப் பாதுகாப்பும் அதே சமவாயத்தில் இருக்கின்றன. இலங்கை அதை 1995 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்கள் சம்பள நிர்ணய சபை 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆகவே எழுத்தில் ஓய்வு உண்டு.

பிறகு ஏன் ஞாயிறும் மலையில் ஆள் இருக்கிறது? காசுதான் காரணம். அதை மறைத்துப் பேசிப் பிரயோசனமில்லை. ஆறு நாள் வேலை செய்தும் மாதம் முடியக் கடைக் கணக்குத் தீராதவருக்கு, ஏழாம் நாளும் ஒரு நிறுவை கிடைத்தால் அது பெரிய காசு. அவரிடம் போய் ஓய்வு எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளப் போராட்டமும் ஓய்வுப் போராட்டமும் ஒன்றுதான் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கொப்பி வைத்திருக்கிறவர்கள் எழுதுங்கள்.

2013 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபா என்று சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 450, விலைப்பங்கு 30, வருகைக்கு 140. இந்த 140 எல்லாருக்கும் கிடைக்காது. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்குத்தான். ஒரு மாதம் 24 நாள் வேலை கொடுத்தார்கள் என்று வைப்போம். 75 சதவீதம் என்றால் 18 நாள். 18 நாள் போனவருக்கு 620 படி 11,160 ரூபா. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், 17 நாள்தான் போனார். அவருக்கு 480 படி 8,160. எவ்வளவு வித்தியாசம்? 3,000 ரூபா. ஒரு நாள் வீட்டில் இருந்ததற்கு ஏறக்குறைய ஐந்து நாள் சம்பளம் போய்விட்டது. அந்தப் பெண் அடுத்த மாதம் தனக்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்.

2016 இல் அந்த வருகைப் பணம் 60 ரூபாவாகக் குறைந்தது, 140 ரூபா 'உற்பத்தி' என்ற பெயருக்கு மாறியது. 2019 இல் இரண்டையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கினார்கள். 2021 இல் வர்த்தமானி மூலம் 1,000, 2024 இல் 1,350. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதோடு, அரசாங்கம் தன் பங்காக நாள் ஒன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தருவதாகவும் சொன்னார்கள். கூடுதல் காசு வருவது நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் வருகை என்ற சொல் திரும்பி வந்திருப்பதைக் கவனியுங்கள். காசுக்குப் பின்னால் என்ன நிபந்தனை வருகிறது, பிறகு என்ன நிபந்தனை சேர்கிறது என்று சங்கம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். டாக்டர் துண்டு உள்ள நாள், பிரசவ லீவு, கிளினிக் நாள், இவை வராத நாளாகக் கணக்கில் விழக்கூடாது. இதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு துரை மாறினால் மாறிவிடும்.

சரி, ஓய்வு இல்லாவிட்டால் உடம்புக்கு என்ன ஆகிறது? உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021 இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்குக் கூடவோ வேலை செய்கிறவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவரைவிடப் பாரிசவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூட. இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூட. 2016 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 745,000 பேர் இப்படி நீண்ட நேர வேலையால் இறந்ததாக அந்தக் கணக்கு சொல்கிறது.

அவர்கள் எண்ணியது சம்பளம் கிடைக்கிற வேலையை. நாம் மிச்சத்தையும் எண்ணிப் பார்ப்போம். மலையில் எட்டு மணித்தியாலம், ஆறு நாள், 48. விடிய நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வருவது. பின்னேரம் மடுவத்தில் நிறுத்துவிட்டு வந்து தண்ணீர், விறகு, சோறு, பாத்திரம். நாளைக்கு ஐந்து மணித்தியாலம் என்று குறைத்தே போடுகிறேன். ஏழு நாளைக்கு 35. கூட்டினால் 83. இந்த மண்டபத்தில் இருக்கிற தாய்மாரில் 83 குறைவு என்று சொல்லப் போகிறவர்கள்தான் கூட இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வந்திருப்பது வெயில் ஊருக்கு. எங்கள் பக்கம் வட்டைக்குள் கூலிக்கு இறங்குகிறவர்கள் விடியச் சாமத்திலேயே தொடங்கி, வெயில் ஏறியதும் மருத மர நிழலுக்கு வந்துவிடப் பார்ப்பார்கள். போடியார் சொல்லி வந்த வழக்கம் இல்லை, வெயில் சொல்லி வந்தது. எங்கள் மாவட்டத்திலேயே ஹிங்குராணையில் சீனித் தொழிற்சாலை இருக்கிறது, அதைச் சுற்றிக் கரும்புத் தோட்டம். கரும்பு வெட்டுவது கொடிய வேலை. நிழலே இல்லை, கரும்பு ஆளை மறைக்கும், காற்றையும் மறைக்கும்.

மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா, எல் சல்வடோர் என்று நாடுகள் இருக்கின்றன. அங்கே ஆயிரக்கணக்கான கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சீனி வருத்தமும் இல்லை, பிறசரும் இல்லை, முப்பது நாற்பது வயதில் சிறுநீரகம் போய்விடுகிறது. வெயிலில் தண்ணீர் போதாமல் ஓய்வில்லாமல் வேலை செய்வதுதான் முக்கிய காரணம் என்று அங்கே பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நமது நாட்டில் மதவாச்சி, பதவியாப் பக்கம் உள்ள சிறுநீரக நோய்க்குக் காரணம் குடிநீரா, விவசாய மருந்தா, வெயிலா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

எல் சல்வடோரில் ஒரு கரும்பு ஆலையில், 2014-2015 அறுவடையில் ஒரு பரீட்சை செய்தார்கள். வெட்டுகிறவருக்கு முதுகில் தூக்கிக்கொண்டு குடிக்கக்கூடிய தண்ணீர்ப் பை கொடுத்தார்கள். இடத்துக்கிடம் நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம் போட்டார்கள். குறித்த நேரத்துக்கு எல்லாரும் வேலையை நிறுத்தி அந்த நிழலில் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஓய்வு கூடினால் வேலை குறையும் என்றுதானே நினைப்போம்? ஒருவர் நாளைக்கு வெட்டியது 5.1 தொன்னிலிருந்து 7.3 தொன்னாகக் கூடியது. வெயிலால் வரும் தலைச்சுற்றும் வாந்தியும் போன்ற உபாதைகளும் குறைந்தன. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே நேரத்தில் நல்ல கத்தியும் கொடுத்து வெட்டும் முறையையும் மாற்றினார்கள். கூடிய தொன் முழுவதையும் ஓய்வின் கணக்கில் எழுதுவது சரியில்லை. ஆனால் ஓய்வு கொடுத்தால் தோட்டம் நட்டப்பட்டுவிடும் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையை எடுத்துப் போடலாம்.

நமது பிள்ளைகள் போயிருக்கிற நாடுகளைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி, காலை பத்து மணி முதல் பின்னேரம் மூன்றரை வரை. தொழிற்சங்கம் வைக்க இடம் கொடுக்காத நாடுகள் அவை. எழுதியது எல்லாம் அங்கே நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு தொழிலாளி நிழலில் இருந்தால் அவன் சோம்பேறி இல்லை, சட்டப்படி நடக்கிறவன். தம்பி கட்டாரில் நிழலில் இருக்கலாம், அவனுடைய அக்கா இங்கே மலையில் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றபடியே ரொட்டி தின்கிறார். சாப்பிட ஒரு கொட்டகை இல்லை, ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிற தாய்மார் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்க வெட்கப்படுவீர்கள், கேட்கவில்லை. சில தோட்டங்களில் மலையிலேயே கொட்டகை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் முடிந்தது அடுத்த தோட்டத்தில் ஏன் முடியாது என்று கேட்கலாம்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு விடயம். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்கப் போக உரிமை இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்தில் கழிப்பது இல்லை. 84 நாள் பிரசவ லீவும் 2018 திருத்தத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். முந்தி மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாளாகக் குறைந்து போகும், இப்போது குறையாது.

நான் சேவையில் இருந்த காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண் இந்தப் பால் கொடுக்கும் நேரத்தைப் பற்றி முறைப்பாடு கொண்டு வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். விசாரணைக்கு நாள் வைத்தோம். இரண்டு கிழமையில் தானே வந்து முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார். "எனக்கு மட்டும் நேரம் கேட்கிறேன் என்று எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், ராத்தா" என்றார். சில மாதம் கழித்து அதே டிவிஷனில் பதினான்கு பெண்கள் ஒரே கடிதத்தில் கையொப்பம் வைத்து வந்தார்கள். அதில் பால்குடிப் பிள்ளை உள்ளவர்கள் நாலு பேர்தான். மற்றப் பத்துப் பேரும் அந்த நாலு பேருக்காகக் கையெழுத்து வைத்தவர்கள். விசாரணை வரை போகத் தேவைப்படவில்லை, தோட்டம் அந்த நேரத்தைக் கொடுத்தது.

இப்போது அண்ணன்மார், தம்பிமார் பக்கம் திரும்புகிறேன். துரையிடம் கேட்பது மட்டும் போராட்டம் என்றால் லேசு. கவ்வாத்து வெட்டுகிறவர், முள்ளுக் குத்துகிறவர், மருந்து அடிக்கிறவர், உங்களில் பலர் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். உங்கள் வேலை பாரமான வேலை, வந்தவுடன் படுக்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. படுத்து எழும்பிய பிறகு? மனைவி ஐந்து மணிக்கு வரும்போது அடுப்பு அணைந்தே கிடக்க வேண்டுமா? தண்ணீர் அவர் வந்துதான் எடுக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை? ஆண்களுக்கு கிரிக்கெட், டவுன், கூட்டம். பெண்களுக்கு அது ஆறு நாள் உடுப்பையும் சேர்த்துத் துவைக்கிற நாள். உரிமைக்காகப் பேசுகிற தோட்டத் தலைவர் ஒருவரின் வீட்டிலேயே இப்படி என்றால், துரையின் முன்னால் ஓய்வைப் பற்றி எந்த வாயால் கேட்பது?

சில வீடுகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: மூத்த மகளிடம் கொடுத்துவிடுவது. அம்மாவுக்குக் களைப்பு, ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளை சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, பிறகு புத்தகத்தைத் திறக்கும்போது கண் மூடுகிறது. அம்மாவின் ஓய்வு மகளின் படிப்பிலிருந்து எடுக்கப்படக்கூடாது. வீட்டில் ஒரு ஆண் பிள்ளையும் இருக்கிறான், அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது.

குடியைப் பற்றி நான் நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஒன்று மட்டும். 'உடம்பு வலிக்குக் கொஞ்சம்' என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். குடித்துவிட்டு விழுகிற தூக்கம் பாதி இரவில் உடையும், காலையில் உடம்பு இன்னும் பாரமாக இருக்கும். அது ஓய்வில் சேர்த்தியில்லை. அதோடு அந்த வீட்டில் மற்ற யாருக்கும் அன்றிரவு தூக்கம் இல்லை.

எங்கள் ஆட்களிடம் கைலூலா என்று ஒன்று உண்டு. பகலில் கொஞ்ச நேரம் சாய்வது. வாப்பாமார், உம்மாமார் ளுஹர் நேரத்தோடு பாயை விரித்து அரை மணித்தியாலம் படுத்தால் ஒருவரும் எழுப்ப மாட்டார்கள், பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டு விழும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த நேரம் என்பதால் அது நிலைத்தது. லயத்தில் இடம் குறைவு, சத்தம் கூட, எனக்குத் தெரியும். இருந்தாலும் கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், 'இது அம்மா சாய்கிற நேரம்' என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும். லயம் முழுக்க ஒரே நேரமாக வைத்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டு ரேடியோவும் அப்போது அடங்கும்.

முடிக்கப் போகிறேன். பின்னேரம் நீங்கள் குழுக்களாக இருந்து அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைகளை எழுதப் போகிறீர்கள். சம்பளம் முதலில் வரும், வரத்தான் வேண்டும். எட்டு மணித்தியால வேலை கேட்ட பழைய போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாளை மூன்றாகப் பிரித்து, எட்டு வேலைக்கு, எட்டு ஓய்வுக்கு, எட்டு நமக்கு என்றுதான் அவர்கள் கேட்டார்கள். 1923 மே முதலாம் திகதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியபோது அதற்குப் பின்னால் இருந்ததும் அந்தக் கோரிக்கைதான். முதல் எட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவது எட்டையும் ஒரு வரியாவது எழுதுங்கள். மலையில் கொட்டகையும் கழிப்பறையும் தண்ணீரும். துண்டு உள்ள நோய் நாளும் கிளினிக் நாளும் வருகையை உடைக்காது என்ற வாசகம். பால் கொடுக்கும் நேரம் எந்தத் தோட்டத்தில் கிடைக்கிறது, எதில் கிடைக்கவில்லை என்ற பட்டியல். அந்தப் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது, கொழும்பில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரு பழைய கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், ஞாயிறு என்ன செய்தேன். கணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அவரும் எழுதட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டு வந்தால், மாதர் தலைவி கையில் வெறும் முறைப்பாடு இருக்காது, கணக்கு இருக்கும். சம்பளத் துண்டையும் எறியாமல் அதற்குள்ளேயே வையுங்கள்.

இப்போது பாங்கு சொல்கிற நேரமாகிறது. தொழப் போகிறவர்கள் போகலாம், மற்றவர்களுக்குக் கீழே சாப்பாடு இருக்கிறது, மீன் குழம்பும் மரக்கறியும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி வரை ஒன்றும் போடாமல் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சடிக்க மறந்தது என்று நினைக்காதீர்கள், நான்தான் அப்படி விடச் சொன்னேன். மேல் மாடியில் பாய் விரித்திருக்கிறது. கைக்குழந்தைகளை நமது இளைஞர் உறுப்பினர்கள் கடற்கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டரைக்கு மணி அடிக்கும்.